மாதக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்: வேலூருக்குப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு கைச்செலவுக் கணக்கு

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனது. இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு இல்லாத முதலாமாண்டு மாணவன் மட்டும் இந்த ஊரில் அப்படியேதான் இருக்கிறான்.

நானும் அப்படி இருந்தவன். போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே படிக்க வந்த முதல் மாதம், கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் அக்கவுன்ட் வைத்துக்கொண்டேன். சாப்பிடச் சாப்பிட நோட்டில் எழுதிக்கொள்வார்கள், மாதம் பிறந்ததும் கொடுத்தால் போதும். மாதம் பிறந்தது. கடைக்கார அண்ணன் நீள நோட்டைப் புரட்டி, என் பெயர் போட்ட பக்கத்தில் விரலை வைத்து, "தம்பி, உன் பேர்ல 740 நிக்குதுப்பா" என்றார். எட்டிப் பார்த்தேன். டீ 1. டீ 1, பஜ்ஜி 2. டீ 2. நடுவில் ஒரு நாள் 'டீ 6' என்று இருந்தது. அந்த ஆறு டீயை யார் யார் குடித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அப்பா அனுப்பிய பணத்தில் பாதி அந்த ஒரு பக்கத்துக்கே போயிற்று.

இப்போது ஒரு மாணவர் விடுதியில் பொறுப்பு பார்க்கிறேன். வருடா வருடம் ஆடி பிறக்கும் நேரத்தில் புதுப் பெட்டி, புது வாளியோடு வந்து இறங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கடைசி நாள்களுக்கான காசை முதலில் எடுத்து ஒதுக்குங்கள், மிச்சத்தை வைத்து மாதத்தைத் தொடங்குங்கள். எல்லாரும் முதல் தேதியிலிருந்து செலவழித்துக்கொண்டே போய், கடைசி வாரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். எதுவும் மிஞ்சாது. மிஞ்சி நான் பார்த்ததில்லை.

இதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை. உங்கள் தெரு விலை, உங்கள் கல்லூரி வழக்கம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் மாதம் எந்தத் தேதியில் பிறக்கிறது?

காலண்டர் மாதம் ஒன்றாம் தேதி பிறக்கும். உங்கள் மாதம் வீட்டுக்குக் காசு வரும் நாளில்தான் பிறக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் வீடு என்றால், ஒரு வாரம் கழிந்துதான் கைக்கு வரும். அம்மா பீடி சுற்றுகிறார் என்றால் வாரக்கூலி. மாடு வைத்திருக்கும் வீட்டில் பால் சொசைட்டிப் பணம், நிலம் வைத்திருக்கும் வீட்டில் வேர்க்கடலையோ நெல்லோ விற்றால் பணம். இது தெரியாமல் ஒன்றாம் தேதியே எதிர்பார்த்து உட்கார்ந்தால், மாதாமாதம் முதல் வாரத்திலேயே கடன் வாங்கவேண்டி வரும். சம்பளம் எட்டாம் தேதி வருமென்றால் உங்கள் மாதம் எட்டு முதல் ஏழு வரை. நோட்டிலும் அப்படியே எழுதுங்கள்.

அப்புறம், எவ்வளவு என்று வீட்டில் கேளுங்கள். இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடியும்:

"அம்மா, மாசம் எவ்ளோ அனுப்ப முடியும்?"

"உனக்கு எவ்ளோ வேணுமோ கேளு கண்ணு. அப்பா அனுப்புவாரு."

பாசத்தில் சொல்லும் இந்தப் பதிலை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. விடாமல் கேளுங்கள். குழுக் கடன் தவணை, சீட்டு, தம்பி தங்கைப் படிப்பு எல்லாம் போக எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். ஒரு தொகை வரும். அது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். பரவாயில்லை, உறுதியாக வரும் 3,000 ரூபாய், வருமா வராதா என்ற 5,000 ரூபாயைவிட மேல். வாரக்கூலி வீடு என்றால் வாரா வாரம் அனுப்பச் சொல்லுங்கள். மொத்தமாகச் சேர்த்து அனுப்ப அம்மா கஷ்டப்படவேண்டாம், உங்களுக்கும் அதுதான் நல்லது.

இரண்டு வாரம் வெறுமனே எழுதுங்கள்

திட்டம் போடுவதற்கு முன் இரண்டு வாரம் எழுத வேண்டும். பத்து இருபது ரூபாய்க்குச் சட்டைப் பையில் அடங்கும் குட்டி நோட்டு கிடைக்கும், அது போதும். ராத்திரி படுக்கும் முன் அன்றைய செலவை எழுதுங்கள். குறைக்க முயற்சி செய்யாதீர்கள், கூச்சப்பட்டு எதையும் விடாதீர்கள்.

"எல்லாம் ஜிபேலதானே சார் போகுது, ஹிஸ்டரில இருக்குமே" என்று பையன்கள் கேட்பார்கள். இருக்கும், ஆனால் யாருக்குக் கொடுத்தீர்கள் என்றுதான் இருக்கும். எதற்குக் கொடுத்தீர்கள் என்று இருக்காது. கடைக்காரரின் மனைவி பெயரில் 45 ரூபாய் என்று வரும். அது ஜெராக்ஸா, ஜூஸா? நாலு நாள் கழித்துக் கேட்டால் உங்களுக்கே தெரியாது. நோட்டில் எழுதும்போது பக்கத்தில் ஒரு வார்த்தை சேருங்கள்: 'பசி', 'போர்', 'பிரண்டு கூப்பிட்டான்'. இரண்டு வாரம் முடிந்து பார்த்தால் 'பசி' என்று எழுதியதைவிட மற்ற இரண்டும் அதிகமாக இருக்கும். என் நோட்டில் அப்படித்தான் இருந்தது.

வாலை முதலில் வெட்டுங்கள்

இப்போது கணக்கு. விடுதிக் கட்டணம், மெஸ் கட்டணம் எல்லாம் வீட்டில் தனியாகக் கட்டிவிடுகிறார்கள், கைச்செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தவிர்க்க முடியாத செலவு முதலில். போன் ரீசார்ஜ் 350. ஊருக்கு ஒரு தடவை போய்வர 150. சோப்பு, பேஸ்ட், எண்ணெய், துணி பவுடர் 250. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு 300. முடி வெட்ட 150. மொத்தம் 1,200. போன் ரீசார்ஜில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 28 நாள் பிளான் போடுகிறவர் வருடத்துக்கு 12 தடவை போடுவதில்லை, 13 தடவை போடுகிறார். அந்தப் பதின்மூன்றாவதுதான் ஏதாவது ஒரு மாதத்தில் இரண்டு ரீசார்ஜாக வந்து இடிக்கும்.

கல்லூரியில் திடீரென்று கேட்கப்போகும் பணத்துக்காக 500. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். உடம்புக்கு முடியாமல் போனால், செருப்பு அறுந்தால், போன் விழுந்து உடைந்தால் என்று 300.

ஆக 2,000 போயிற்று. நிற்பது 2,000.

இதை நாலால் வகுத்து வாரம் 500 என்றுதான் எல்லாரும் போடுவார்கள். நாலு வாரம் என்பது 28 நாள்தானே? மாதத்துக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வால் இருக்கிறது. எல்லாரும் தடுக்கி விழுவது அந்த வாலில்தான். போதாததற்கு வீட்டிலிருந்து பணம் ஒரு நாள் தள்ளிப் போகும், நடுவில் ஞாயிறு வரும், சர்வர் வேலை செய்யாது. அதனால் வாலுக்கு முதலில் 200 எடுத்து வையுங்கள். மிச்சம் 1,800. வாரத்துக்கு 450.

450 ரூபாயில் ஒரு வாரம் ஓடுமா? மெஸ்ஸில் மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு ஓடும். வெளியே தினம் ஒரு டீ 15 ரூபாய் என்றால் 105. நாலு சாயங்காலம் 20 ரூபாய்க்கு ஏதாவது கொறிக்க 80. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ 60. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வெளியே சாப்பாடு 150. மொத்தம் 395, இன்னும் 55 கையில் நிற்கிறது. ராஜ வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டினியும் இல்லை, அவமானமும் இல்லை.

வாரம் எந்தக் கிழமையில் தொடங்கவேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திங்கட்கிழமை தொடங்குங்கள். வெள்ளியோ சனியோ தொடங்கினால் புதுக் காசு கையில் சூடாக இருக்கும்போதே விடுமுறை வந்துவிடும். திங்களன்று தொடங்கினால் ஞாயிறு வரும்போது எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துதான் வெளியே கிளம்புவீர்கள்.

காசை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

நோட்டில் பிரித்தால் போதாது, பணமும் பிரிந்து இருக்கவேண்டும். வீட்டிலிருந்து வரும் பணம் ஒரு கணக்கில் விழட்டும். அதில் யூபிஐ வேண்டாம், ஏடிஎம் கார்டு பெட்டிக்குள் இருக்கட்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத இன்னொரு சேமிப்புக் கணக்கைப் போனோடு இணைத்து, திங்களன்று காலை 450 ரூபாயை மட்டும் அதற்கு மாற்றுங்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது உங்கள் கண்ணில் படுவது 450-தான், 4,000 அல்ல.

இரண்டு கணக்கு வைக்க வழி இல்லை என்றால் யூபிஐ லைட் இருக்கிறது. அதில் அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமல் கொடுக்கலாம். வாரா வாரம் 450 மட்டும் ஏற்றுங்கள். தீர்ந்ததும் தானாகவே மறுபடி ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ டாப்-அப்பை அணைத்து வைக்க மறக்காதீர்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

பழைய முறையும் கெட்டுப்போகவில்லை. ஐந்து கவரில் நோட்டாகப் போட்டு, நாலில் வாரத்தின் பெயரும் ஐந்தாவதில் 'வால்' என்றும் எழுதி வைத்த ஒரு திருவண்ணாமலைப் பையனை எனக்குத் தெரியும். அவன் ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தெட்டாம் தேதி அவனிடமே வந்து கடன் கேட்டார்கள். விடுதியில் ரொக்கம் வைப்பதென்றால் பூட்டு நல்லதாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

ஏடிஎம்மில் அடிக்கடி நூறு நூறாக எடுக்காதீர்கள். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 தடவை இலவசம். வேலூர் பெருநகரப் பட்டியலில் இல்லை என்பதால் வேறு வங்கி ஏடிஎம்மிலும் 5 தடவை உண்டு. அதற்கு மேல் போனால் 2025 மே முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. வேறு வங்கி ஏடிஎம்மில் இருப்பு பார்ப்பதும் ஒரு தடவையாகச் சேரும்.

வாய்

முதலாமாண்டுக் காசு போகும் பெரிய வழி வாய்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெஸ்ஸுக்குக் காசு கட்டியாகிவிட்டது. மெஸ் இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று வெளியே போய்த் தோசை சாப்பிட்டால், ஒரே காலைப் பசிக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள். டிவைடிங் சிஸ்டம் உள்ள விடுதியில் மாதச் செலவை எல்லார் தலையிலும் பிரித்துப் போடுவார்கள். நீங்கள் சாப்பிடாத இட்லிக்கும் உங்கள் பங்கு உண்டு. ஊருக்குப் போகும் நாள்களுக்கு மெஸ் குறைப்பு கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால் குறைப்பார்கள், எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்கவேண்டும் என்ற விதி விடுதிக்கு விடுதி மாறும். சேர்ந்த வாரத்திலேயே கேட்டு வையுங்கள். பொங்கலுக்குப் போய்விட்டு வந்து கேட்டால் என்னைப் போன்ற ஆள் கையை விரித்துவிடுவார். விதியைத்தான் சொல்கிறேன், கோபப்படவேண்டாம்.

ரூம் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு இடம்தான் விலை. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்கள் வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்குகிறவர்களை நம்பி நடப்பவை. போர்டே வங்க மொழியில் இருக்கும். நாள் வாடகைக்கு ஆள் கிடைக்கும் இடத்தில் மாத வாடகைக்கு யார் சல்லிசாகக் கொடுப்பார்கள்? சத்துவாச்சாரி, காகிதப்பட்டறை, பாகாயம் பக்கம் பாருங்கள். காட்பாடிப் பக்கம் என்றால் காந்தி நகரைத் தாண்டி உள்ளே தள்ளிப் பாருங்கள். பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்காமல் அட்வான்ஸ் எத்தனை மாதம், கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள். சிக்கல் வருவது இந்த மூன்றில்தான்.

வெளியே சாப்பிடுவதென்றால் ஆற்காடு, ஆம்பூர்ப் பக்கத்து வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரியாணிக் கடையில் 'குஸ்கா' என்று கேட்டால் அதே அண்டாவிலிருந்து கறித்துண்டு இல்லாமல் சோறு கிடைக்கும். கத்திரிக்காய்ப் பச்சடி, வெங்காயம் எல்லாம் கூடவே வரும். விலை பிரியாணியைவிட நன்றாகக் குறையும், வாசனை குறையாது. புதிதாக வந்தவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பக்கத்து மேஜையில் பாருங்கள், பாதிப் பேர் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

ரொம்ப இறுக்கிப் பிடிக்கும் நாளில் மாநகராட்சியின் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. 2013-ல் சென்னையில் தொடங்கிய திட்டம், பிறகு இங்கேயும் வந்தது. வரிசையில் நிற்க வெட்கப்படாதீர்கள். பழம், வெள்ளரிக்காய் வேண்டுமென்றால் டோல்கேட் உழவர் சந்தைக்கோ காட்பாடி உழவர் சந்தைக்கோ காலையிலேயே போங்கள். விலைப் பலகை போட்டிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பேரம் பேசப் பழகவேண்டும் என்றால் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசி முடிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் லாங் பஜாரில் செருப்பு வாங்கும்போது தைரியம் வரும்.

வேலூருக்கென்றே ஒரு செலவு உண்டு. நான் அதை 'வெயில் செலவு' என்று தனியாக எழுதுவேன். மார்ச் பிறந்தால் போதும், தண்ணீர் பாட்டில், ஜூஸ், ஐஸ் என்று காசு உருகும். தினம் 20 ரூபாய் பாட்டில் ஒன்று வாங்கினால் மாதம் 600. அது உங்கள் ஒரு வாரப் பணத்தைவிட அதிகம். எவர்சில்வர் பாட்டில் ஒன்று வாங்கிக் கல்லூரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெளியே குடித்தே ஆகவேண்டும் என்றால் தள்ளுவண்டிக் கூழ் குடியுங்கள். பசியும் அடங்கும், சூடும் தணியும். கலர் கலராக ஜூஸ் விற்கும் கடையில் ஒரு டம்ளருக்குக் கொடுக்கும் காசில் கூழும் மோர் மிளகாயும் சாப்பிட்டுவிட்டு மிச்சமும் வாங்கலாம்.

ஆர்டர் போட்டு ரூமுக்கு வரவழைப்பதை ஒரே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஆப்பில் காட்டும் மொத்தத் தொகையை எழுதி வைத்துவிட்டு, அதே கடைக்கு நடந்து போய் அதே சாப்பாட்டைக் கேளுங்கள். ஐட்டம் விலையே பல இடத்தில் கூடுதலாக இருக்கும். அதற்கு மேல் டெலிவரி, பேக்கிங், பிளாட்பார்ம் கட்டணம். அந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

பஸ், ரயில்

இதில் சொல்ல அதிகம் இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். குடியாத்தம், ஆம்பூர், ஜோலார்பேட்டை, அரக்கோணம் பக்கமிருந்து காட்பாடிக்குத் தினம் வந்து போகிறவர்களுக்கு ரயிலில் மாணவர் சீசன் டிக்கெட் இருக்கிறது. பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம். பலருக்கும் இது தெரிவதே இல்லை. கல்லூரியின் சான்றோடு ஸ்டேஷன் கவுன்டரில் கேளுங்கள்.

உங்களுக்கு வரவேண்டிய பணம்

செலவைக் குறைப்பதற்கு முன் வரவைச் சரியாக வாங்குங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரில் வந்தது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி மூலமாகத்தான் பதிவு நடக்கும். வகுப்பில் பெயர் கேட்டுக் காகிதம் வரும் நாளில் ஊருக்குப் போய்விடாதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைகளுக்கு வருமானச் சான்று கேட்பார்கள். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது, முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சான்று கல்விக் கட்டணத்தில் சலுகை வாங்கித் தரும்.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஆதார் வழியாக அனுப்பும் உதவித்தொகை, நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். எங்கள் விடுதியில் ஒருவனுக்கு ஆறு மாதம் பணம் வரவில்லை என்று அலைந்தான். கல்லூரியில் கேட்டால் அனுப்பியாயிற்று என்றார்கள். வங்கியில் கேட்டால் வரவில்லை என்றார்கள். கடைசியில் பார்த்தால், சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வைக்கச் சொல்லித் திறந்துவிட்ட ஏதோ ஒரு கணக்கில் அத்தனையும் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். இன்றைக்கே பாருங்கள்.

கல்லூரி திடீரென்று கேட்கும் காசு

மேலே 500 ஒதுக்கச் சொன்னேன் அல்லவா? அது இதற்குத்தான். சேர்ந்த முதல் மாதமே ஒரு சீனியரைப் பிடித்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "அண்ணா, போன வருஷம் காலேஜ் ஃபீஸ் இல்லாம வேற எதுக்கெல்லாம் காசு கேட்டாங்க? எந்த மாசம்?" அவர் விரல் விட்டு எண்ணுவார். பரீட்சைக் கட்டணம் இரண்டு தடவை. டிபார்ட்மென்ட் டி-ஷர்ட். சிம்போசியம். ஐவி, அதாவது தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போகும் பயணம். லேப் கோட்டு. கல்ச்சுரல்ஸுக்கு வேட்டி சட்டை அல்லது சேலை. எல்லாவற்றையும் மாதம் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால், திடீர்ச் செலவு என்பதில் முக்கால்வாசி திடீரென்று வருவதே இல்லை என்று தெரியும். தீபாவளித் துணியும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அதே சீனியரிடம் டிராஃப்டர் (பொறியியல் படம் வரையும் கருவி), லேப் கோட்டு, பழைய புத்தகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டிராஃப்டரை ஒரு வருடத்துக்கு மேல் யாரும் தொடுவதில்லை, கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். புத்தகம் முதல் மாதமே வாங்காதீர்கள். எந்த வாத்தியார் எந்தப் புத்தகத்திலிருந்து நடத்துகிறார் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐவிக்கு வரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கட்டாயம் என்று யாராவது சொன்னால் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கைமாற்றும் ட்ரீட்டும்

கைமாற்று கொடுக்க ஒரு வரம்பு வையுங்கள். அந்த வாரக் காசில் மிச்சம் இருப்பதை மட்டும் கொடுங்கள், வாலைத் தொடாதீர்கள். திரும்பி வராவிட்டாலும் அவனோடு பேச முடியும் என்ற தொகை எவ்வளவோ அவ்வளவுதான். எனக்கு அது 100 ரூபாயாக இருந்தது. கொடுக்கும்போதே "எப்போ தருவ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்பதுதான் கஷ்டம்.

பிறந்தநாள் ட்ரீட்டில் பிறந்தவன் தலையில் மொத்த பில்லையும் கட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பத்துப் பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கடனில் கிடந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ரூமில் சேர்ந்த புதிதிலேயே பேசி முடிவு செய்யுங்கள்: கேக் எல்லாரும் சேர்ந்து வாங்குவது, சாப்பாடு அவரவர் காசு. இரண்டாவது மாதத்துக்கு மேல் இதை மாற்ற முடியாது, முதல் பிறந்தநாள் எப்படி நடக்கிறதோ அதுதான் வழக்கமாகிவிடும். சாயங்காலம் எங்கே போவது என்று யோசிக்கிறவர்களுக்கு, கோட்டைக்குள் போக டிக்கெட் கிடையாது. அகழிக்கரையில் உட்கார்ந்து பேசக் காசு தேவையில்லை, சுண்டலுக்குத் தவிர.

கையே வைக்காதீர்கள்

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் வேண்டாம். வட்டி ஒரு பக்கம் இருக்கட்டும், போனில் இருக்கும் நம்பர் எல்லாம் எடுத்துக்கொண்டு அத்தை மாமாவுக்கெல்லாம் போன் போடுவார்கள். காசு வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டுக்கு 2025-ல் மத்தியச் சட்டமே தடை போட்டுவிட்டது. டெலிகிராமில் வேறு பெயரில் யாராவது கூப்பிட்டால் அதுவும் இதுவும் ஒன்றுதான். உங்களுக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் நம்பர் போடவேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

இப்போது புதிதாக ஒன்று. "உன் அக்கவுன்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடு, உனக்கு ரெண்டாயிரம்" என்று நண்பனின் நண்பன் வருவான். வேறு ஊரில் யாரையோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்கில் பெயர் இருக்கிறவரைத்தான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், தாமதமாகத் தாமதமாகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

முதல் மாதம் ஒரு ரூபாய் என்று சேர்ந்த படம் பார்க்கும் ஆப்பும் இந்த வகைதான், சாதுவான வகை. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தைத் திறந்து, எது எது மாதாமாதம் பிடிக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

கொஞ்சம் சம்பாதிக்கலாமா?

சம்பாதிக்கலாம். இங்கே பையன்கள் அதிகம் போவது கேட்டரிங் வேலைக்கு, அதாவது கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாற. காசு அன்றைக்கே கைக்கு வரும், சாப்பாடும் உண்டு. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்பதால் இதை மாத வருமானமாக எழுதாதீர்கள். வந்தால் கல்லூரியின் திடீர்ச் செலவுக்கு ஒதுக்கிய 500-ஓடு சேருங்கள். விடியற்காலை முகூர்த்தம் என்றால் முந்தின ராத்திரியே போகவேண்டி வரும், மறுநாள் வகுப்பில் தூக்கம்தான். மாதம் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது இதைவிட நிதானமான வேலை.

அப்படியும் தீர்ந்துவிட்டால்

தீரும். முதல் இரண்டு மாதம் கணக்கு உதைக்காதவர் யாரும் இல்லை. வாரக் காசு வெள்ளியன்றே தீர்ந்தால் அடுத்த வாரக் கவரைத் திறக்காதீர்கள். மெஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இரண்டு நாள் டீ இல்லாமல் இருக்கலாம். மாதமே உதைத்தால் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். "காசு அனுப்பு" என்று மட்டும் சொல்லாமல் நோட்டைப் பார்த்து வாசியுங்கள்: "இந்த மாசம் ரெக்கார்டுக்கு 300 போட்டிருந்தேன்மா, 520 ஆயிடுச்சு." எதிர்முனையில் கோபம் இருக்காது. அப்பா வாயிலிருந்து முதல் தடவையாக, "சரி, பாத்துக்கலாம் விடு" என்று வரலாம்.

இரண்டாம் மாதம் தொகைகளை மாற்றுங்கள். உங்களுக்கு முடி வெட்ட 150 ஆகாமல் 100-தான் ஆகிறது, ஜெராக்ஸ் 300 போதவில்லை என்றெல்லாம் தெரிந்திருக்கும். மூன்றாம் மாதம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும். அந்த மாதம் வீட்டுப் பணம் சொன்ன நாளில் வந்து, வாலுக்கு வைத்த 200 தொடாமல் அப்படியே நின்றால், அதைச் சேமிப்பில் போடச் சொல்லி நான் வற்புறுத்தமாட்டேன். பிரியாணிக் கடைக்குப் போங்கள். அன்றைக்குக் குஸ்கா வேண்டாம், பீஸோடு கேளுங்கள்.